மொறிஸ் மைனர், 1955

முன்கண்ணாடியின் நடுவே ஓடும் பிரிவைப் பாருங்கள். இரண்டு தட்டைக் கண்ணாடிகளைச் சேர்த்த இந்த அமைப்பு 1956 வரைதான். அதன்பின் வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்தது. கிடைப்பட்டிகள் கொண்ட முன்கிரிலோ 1954 ஒக்டோபரில் அறிமுகமானது. ஆகவே இரண்டும் ஒரே காரில் சேர்ந்திருந்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள்.

கதவுக்குப் பின்னால் தூணில் ஒடுங்கிய பள்ளம் தெரிகிறதா? அதுதான் திரும்பும் திசையைக் காட்டும் டிராபிகேட்டர். சாரதி சுவிட்சைத் திருப்பியதும் மின்காந்தம் இழுக்க, சிறு கையொன்று வெளியே எழுந்து செம்மஞ்சளாக ஒளிரும். 1961இல் மின்னும் விளக்குகள் அதன் இடத்தைப் பிடித்தன. மலைநாட்டு ஈரத்தில் கீல் துருப்பிடித்தால் கை பாதியில் சிக்கிக்கொள்ளும். கடுகண்ணாவை வளைவில் பின்னால் வரும் பஸ் சாரதியின் கண்ணில் அது படுவதும் அரிது. அதற்காகப் பள்ளத்தைத் தகடு வைத்து அடைப்பது பெரிய இழப்பு. கையைப் பழுதுபார்த்து இயங்கவிட்டு, பம்பருக்குக் கீழே சிறிய மின்னும் விளக்கைத் தனியாகப் பூட்டுவதே சரி. பின்னர் கழற்றினாலும் உடற்தகட்டில் துளை இருக்காது.

பம்பருக்கு மேலுள்ள குறோம் சட்டத்தில், 1904இல் தொடங்கிய இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தின் சின்னம் பொருத்தமானது. அலுமினியச் சில்லுகள் இந்தக் காருக்கு ஒவ்வாதவை.

மைனருக்கான உடற்தகடுகள் 1990களில் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்தின் பாத் நகருக்குக் கப்பலேறின.