உதிரும் சருகோடு உதிரும் உலோகம்

மாசி, பங்குனி மாதங்களில் கொல்கத்தாவின் அரச மரங்கள் பழைய இலைகளைக் கொட்டிவிட்டுப் புதுத் தளிர் விடுகின்றன. லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழர்களுக்கும் இது பழகிய காட்சியே. உதிர்ந்த சருகைப் பெருக்கிக் குவித்து, ஓரமாகத் தீ வைத்துவிடுவதும் நகரங்களில் பழகிப்போன ஒன்று. சருகுதானே என்று அதை அலட்சியமாக விட்டுவிட முடியாது.

மரம் இலையைச் சும்மா உதிர்ப்பதில்லை. உதிர்க்கும் முன் அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் கணிசமான பங்கைக் கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆனால் வேர் வழியாக நீரோடு மேலேறி வந்த காட்மியம் போன்ற கன உலோகங்கள் பெரும்பாலும் இலையிலேயே தங்கிவிடுகின்றன. குளிர்நாடுகளில் வளரும் வில்லோ, பாப்லர் மரங்களில் இதை விஞ்ஞானிகள் தெளிவாகக் கண்டுள்ளனர். கெட்டுப்போன நிலத்தைச் சுத்தம் செய்ய அம்மரங்களை நட்டும் பார்த்துள்ளனர்.

எல்லா உலோகமும் இப்படி மேலேறுவதில்லை. ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். சாலையோர இலையில் காணப்படும் ஈயத்தில் பெரும்பகுதி தூசியாகவும் புகையாகவும் வந்து படிந்ததே. இந்தியாவில் பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000ஆம் ஆண்டில் நின்றது. ஆனால் அதற்குமுன் மண்ணில் விழுந்த ஈயம் எளிதில் போகாது. தாங்ரா, தில்ஜலா, தோப்சியா தோல் பதனிடும் சாலைகளை பாந்தலாவுக்கு மாற்றும்படி 1996இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. பட்டறை இடம் மாறினாலும் மண்ணில் கலந்த குரோமியம் கூடவே போய்விடாது.

எரித்தால் தீருமா?

உலோகம் அழியாது; இடம்தான் மாறும். சருகு மட்கினால் அது மேல்மண்ணில் சேரும். எரித்தால் ஒரு பங்கு சாம்பலில் தங்கும். காட்மியம் போன்றவை நுண்துகளாகப் புகையில் கலக்கும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் அருகில் நிற்கும் துப்புரவுத் தொழிலாளி. அடுத்து, அவ்வழியே பள்ளி செல்லும் பிள்ளைகள். திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே தடை செய்தன.

நகரக் குப்பை கொட்டப்பட்ட தாப்பா நிலத்தில் விளைந்த காய்கறிகளில் கன உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மண்ணில் சேர்வது தட்டுக்கும் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆகவே வண்டிகள் ஓயாத சாலையோரச் சருகையும் அதன் சாம்பலையும் மாடித் தொட்டியில் வளரும் கீரைக்கு எருவாகப் போடாதிருப்பதே நல்லது. வாங்கிவந்த கீரையை நன்றாக அலசினால் மேலே படிந்த தூசி போகும். உள்ளே ஏறிவிட்டது போகாது.