ஐரிஷில் கேட்கும் நேர்காணல்: எது விதி, எது அநீதி

அயர்லாந்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக விரும்புகிறவர், எந்த ஊரில் பிறந்தவராக இருந்தாலும், ஐரிஷில் பேசிக் காட்டித்தான் ஆக வேண்டும். அங்கே வகுப்பாசிரியர் ஒருவரே எல்லாப் பாடங்களையும் நடத்துகிறார். கணக்கு முடிந்த கையோடு ஐரிஷ் பாடத்தையும் அவர்தான் எடுப்பார். அதனால்தான் ஆசிரியர் பயிற்சிக்கான நேர்காணலில் ஒரு பகுதி அந்த மொழியிலேயே நடக்கிறது. டப்ளினிலும் கார்க்கிலும் கால்வேயிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது கல்லூரி வயதுக்கு வருகிறார்கள். இந்தியாவில் பி.எட். முடித்துவிட்டுக் குடும்பத்தோடு அங்கே போனவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் இந்த விதிகள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் தாமதமாகத் தெரிந்துகொண்டால் சில கதவுகளை மறுபடி திறப்பது கடினம்.

“வெளிநாட்டுக்காரர்களை வெளியே நிறுத்தத்தானே ஐரிஷ் கேட்கிறார்கள்?” என்ற மனக்குறையைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. அந்நாட்டு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு ஐரிஷைத் தேசிய மொழி என்றும் முதல் அலுவல் மொழி என்றும் அறிவிக்கிறது. டப்ளின் கல்லூரி ஒன்றில் ஓவிய ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்த நெதர்லாந்துக்காரர் அனிட்டா குரோனர், ஐரிஷ் தேர்வில் தேறாததால் நிரந்தரப் பணி கிடைக்காமல் வழக்குப் போட்டார். 1989இல் ஐரோப்பிய நீதிமன்றம் மொழித் தேவை செல்லும் என்று தீர்ப்பளித்தது. மொழியைக் காக்கும் தேசியக் கொள்கையில் ஆசிரியர்களுக்குப் பங்கு உண்டு என்பது அதன் வாதம். பலர் கவனிக்காமல் விடுவது தீர்ப்பின் மறுபாதியைத்தான். கேட்கும் தேவை அளவோடு இருக்க வேண்டும். எவரிடமும் பாகுபாடு காட்டக்கூடாது. அந்த மொழியை அயர்லாந்துக்குள்ளேயே கற்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது. தோற்றவர் மறுபடி விண்ணப்பித்தால் மறுபடி தேர்வு எழுத வாய்ப்புத் தர வேண்டும். ஆக, ஐரிஷ் கேட்பது பாகுபாடு அல்ல. அதை எப்படிக் கேட்கிறார்கள், எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறார்களா என்பதில்தான் உங்கள் உரிமை இருக்கிறது.

ஆபத்து நேர்காணலுக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. பெற்றோர் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். 12 வயது வரை வெளிநாட்டில் படித்துவிட்டு அயர்லாந்துப் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு ஐரிஷ் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாம்; கல்வித்துறைச் சுற்றறிக்கை அதற்கு வழி செய்கிறது. தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பித்தால், தகுதி இருந்தால் சான்றிதழ் வந்துவிடும். புதிய ஊர், புதிய பள்ளி, ஆங்கில உச்சரிப்பே தடுமாறும் நேரம். ‘ஒரு பாடமாவது குறையட்டுமே’ என்று பெற்றோர் நினைப்பது இயல்புதான். அந்நாட்டுத் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்க்கையின்போது இத்தகைய பிள்ளைகளுக்கு ஐரிஷ் விலக்குத் தருகிறது என்பதால், இதனால் நட்டம் ஒன்றும் இல்லை என்றே பலர் நம்பிவிடுகிறார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு மட்டும் அந்த விலக்கு செல்லாது. நான்கு ஆண்டு பி.எட். படிப்பில் சேர, லீவிங் சர்டிஃபிகேட் என்னும் பள்ளியிறுதித் தேர்வில் ஐரிஷை உயர்நிலைத் தாளாக எடுத்து எச்4, அதாவது 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். 2019 முதல் இதுதான் அளவு. விலக்குப் பெறாமல், சுலபமாக இருக்கட்டும் என்று சாதாரண நிலைத் தாளுக்கு மாறிய பிள்ளைக்கும் இதே கதிதான். விலக்கு என்பது கட்டாயம் அல்ல. சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்து படிக்கலாம். கையெழுத்துப் போடுமுன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கதவு மூடிப்போனவர்களுக்கும் வழி உண்டு: ஐரிஷ் தாளை மட்டும் பிற்காலத்தில் எழுதித் தேர்ச்சி பெறலாம். ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும்.

பள்ளி முடித்த கையோடு பி.எட். விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு மதிப்பெண்ணே பேசும். நேர்காணல் பெரும்பாலும் 23 வயது கடந்து விண்ணப்பிப்பவர்களுக்கும், பட்டம் முடித்து இரண்டாண்டு முதுநிலைப் பயிற்சிக்கு வருபவர்களுக்கும்தான். டப்ளின் சிட்டி பல்கலைக்கழகம், லிமரிக்கின் மேரி இம்மாகுலேட் கல்லூரி, டப்ளினின் மரினோ கல்வி நிறுவனம், மேனூத் பல்கலைக்கழகத்தின் ஃப்ரோபெல் துறை, தனியார் நிறுவனமான ஹைபர்னியா கல்லூரி ஆகியவை இந்தப் பயிற்சியைத் தருகின்றன. பேச்சுத் திறனை நேர்காணலிலேயே சோதிப்பதும் உண்டு, டி.இ.ஜி. என்னும் ஐரிஷ் மொழித் தேர்வின் பி1 நிலை முடிவைத் தனியாகக் கேட்பதும் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும், பழைய ஆண்டில் வாங்கிய மதிப்பெண் செல்லுமா என்பதையெல்லாம் கட்டணம் கட்டுமுன் கல்லூரியிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் சொன்ன வாக்கு பின்னால் உதவாது.

இனி அந்த அறைக்குள் போவோம். இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் தொடங்கிய பேச்சு நடுவில் ஐரிஷுக்குத் தாவும். ஊர், குடும்பம், பொழுதுபோக்கு, ஏன் ஆசிரியராக வேண்டும், பள்ளியில் பார்வையாளராக இருந்தபோது என்ன கண்டீர்கள், சிறு பிள்ளைகளுக்கு ஐரிஷை எப்படிச் சொல்லித் தருவீர்கள் என்று கேள்விகள் வரும். ஒரு பத்தியைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வதும் வழக்கம். இந்த இடத்தில்தான் மனப்பாடம் காலை வாருகிறது. “குழந்தைகளை எனக்குப் பிடிக்கும்” என்று தொடங்கும் அழகான பத்தியை ஒருவர் ஒப்பிப்பார்; குழுவில் ஒருவர் சட்டென்று, “போன வாரம் அந்த வகுப்பில் என்ன பாட்டு பாடினீர்கள்?” என்பார். நிகழ்காலத்தில் எழுதி வைத்த பத்தியில் இறந்தகாலத்துக்கு இடமில்லை. அமைதிதான் மிஞ்சும்.

அந்த அமைதியைத் தவிர்க்க, ஐரிஷின் ஒழுங்கற்ற வினைச்சொற்கள் பதினொன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். போதல், வருதல், பார்த்தல், செய்தல், சொல்லுதல் போன்ற அன்றாட வினைகள்தான் அவை. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றிலும் அவை வாயில் தானாக வரும்வரை சொல்லிப் பழகுங்கள். பிறகு ‘நீங்கள் தலைமையாசிரியராக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்ற வகைக் கேள்விகளுக்கான வடிவம். பள்ளியில் படித்த ஐரிஷ்காரர்களே அஞ்சும் இலக்கணம் அது. நாலைந்து வாக்கியமாவது தடையில்லாமல் வந்தால் தனியே தெரிவீர்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. “சாப்பிட்டாயா?” என்றால் நாம் “சாப்பிட்டேன்” என்கிறோம், ஐரிஷிலும் கேள்வியில் வந்த வினையைத் திருப்பிச் சொல்வதுதான் பதில். “ஆன் வில்” (இருக்கிறதா) என்று தொடங்கும் கேள்விக்கு “தா” (இருக்கிறது) அல்லது “நீல்” (இல்லை). ஆங்கிலத்தில் சிந்திப்பவர் இங்கே ‘யெஸ்’ தேடித் தடுமாறுவார்.

வட்டார வழக்கைக் கண்டு மிரள வேண்டாம். நலம் விசாரிக்கும் ஒரே கேள்வி மன்ஸ்டரில் “கொனஸ்” என்று தொடங்கும், கொனாக்டில் “கே ஹீ” என்று தொடங்கும், அல்ஸ்டரில் “கஜே மர்” என்று தொடங்கும். மூன்றும் சரியே. ஒன்றில் பேசுங்கள், மூன்றையும் காதுக்குப் பழக்குங்கள். டியாங்லன் இணைய அகராதியில் ஒரே சொல்லை மூன்று வழக்கிலும் கேட்கலாம். 1972 முதல் ஒலிபரப்பாகும் ரேடியோ ந கேல்டாஹ்டும், டி.ஜி.4 தொலைக்காட்சிச் செய்தியும் செலவில்லாத பயிற்சி. கேள்வி புரியாதபோது மௌனமாக இருக்காதீர்கள். “அபர் அரீஷ் ஏ, லெ த ஹொல்”, அதாவது தயவுசெய்து மறுபடி சொல்லுங்கள், என்று ஐரிஷிலேயே கேளுங்கள். அதுவும் மொழித்திறன்தான்.

கிரைண்ட்ஸ் என்று அங்கே சொல்லும் தனிப்பயிற்சியில் ‘கேள்வியும் பதிலும் தருகிறோம், தேர்ச்சிக்கு உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்பவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பேச ஆள் தரும் பயிற்சியாளருக்குக் கொடுங்கள், தாள் தருபவருக்கு வேண்டாம். 1893இல் தொடங்கிய கான்ரா ந கேல்கே அமைப்பு நடத்தும் வகுப்புகளைப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

இந்தியாவில் ஆசிரியர் பட்டம் பெற்றவர்களின் பாதை வேறு. அவர்கள் அயர்லாந்தின் ஆசிரியர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். தகுதி ஏற்கப்பட்டால் நிபந்தனையுடன் பதிவு கிடைக்கும். ஐரிஷ் தேவையை முடிக்க 3 ஆண்டு அவகாசம் தருகிறார்கள், அதற்குள் வேலையும் பார்க்கலாம். ஆங்கில வழி உயர்நிலைப் பள்ளிகளில் மற்றப் பாடங்களை நடத்தப் பொதுவாக ஐரிஷ் தேவையில்லை. மரினோ நிறுவனம் 2017 முதல் நடத்தும் புலம்பெயர் ஆசிரியர் திட்டம் இவர்களுக்காகவே.

அநீதி நடந்தால்? ஐரிஷ் போதவில்லை என்பது சரியான காரணம். “உங்கள் உச்சரிப்பு எங்கள் பிள்ளைகளுக்கு ஒத்துவராது, உங்கள் நாட்டுக்காரர்கள் இங்கே நிலைப்பதில்லை” என்பது அப்படியல்ல. கர்ப்பம், திருமணத் திட்டம் பற்றிய கேள்விகளும் அப்படித்தான். இனம், தேசியம், மதம், பாலினம், வயது, உடற்குறை, குடும்ப நிலை உள்ளிட்ட ஒன்பது காரணங்களால் பாகுபாடு காட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. தொழிற்பயிற்சிச் சேர்க்கையும் அதில் அடங்கும். செவித்திறன் குறைவு, டிஸ்லெக்ஸியா போன்றவை இருந்தால் தகுந்த ஏற்பாடு கேட்கலாம். அதை நேர்காணலுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

அறையைவிட்டு வந்ததும் கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். நிராகரிப்பு வந்தால் முதலில் கல்லூரியின் மேல்முறையீட்டு விதியைப் பார்த்து மதிப்பெண் விவரம் கேளுங்கள். கூடவே தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றிய நேர்காணல் குறிப்புகளின் நகலையும் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். அயர்லாந்தில் கணக்கர் தேர்வு எழுதிய நோவாக் தொடுத்த வழக்கில், விடைத்தாளும் அதில் தேர்வாளர் எழுதிய கருத்துகளும் தேர்வெழுதியவரின் தனிப்பட்ட தரவே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. அரசு நிதி பெறும் கல்லூரி என்றால், உள்முறையீடு முடிந்தபின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம்.

பாகுபாடு என்று கருதினால் பணியிட உறவுகள் ஆணையத்தில் புகார் கொடுக்க 6 மாதம் உண்டு. தக்க காரணம் காட்டினால் 12 மாதம் வரை நீட்டிக்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. கல்விச் சேர்க்கைப் புகார் சமநிலைச் சட்டத்தின் கீழ் எடுத்துக்கொள்ளப்பட்டால் 2 மாதத்துக்குள் கல்லூரிக்கு எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். எந்தச் சட்டம் பொருந்தும் என்று தெரியும்வரை காத்திராமல், அந்த அறிவிப்பை முதல் மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள். ஐரிஷ் மனித உரிமை மற்றும் சமத்துவ ஆணையத்தில் இதுபற்றித் தகவல் கேட்கலாம். கல்லூரியின் மேல்முறையீடு நடக்கிறதே என்று புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். 6 மாதக் கணக்கு சம்பவம் நடந்த நாளிலிருந்து ஓடுகிறது, அவர்கள் கடைசிக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து அல்ல.