சாமுராயும் நமது மலைநாட்டுப் பொலிஸும்

வாளேந்திய வீரர் ஒருவர் பொலிஸ் படையை அமைத்தார் என்றால் வாசக நேயர்கள் கதையென்றே கருதக்கூடும். கதையன்று. யப்பானின் சற்சுமாப் பகுதியில் 1834ஆம் ஆண்டில், எளிய சாமுராய்க் குடும்பமொன்றிற் பிறந்தவர் கவாஜி தொஷியொஷி. 1872இல் ஐரோப்பா சென்று, பிரான்ஸ் தேசத்துப் பொலிஸ் முறையை ஆராய்ந்து திரும்பிய அவர், 1874இல் தோக்கியோ மாநகரப் பொலிஸின் முதல் தலைவரானார். பிழைப்பிழந்த சாமுராய்கள் பலர் அவரிடம் காவலராய்ச் சேர்ந்தனர்.

இலங்கையிலோ அதற்கு எட்டாண்டுகள் முன்னரே இவ்வேலை தொடங்கிவிட்டது. கொழும்பு – கண்டி வீதியில், மாவனல்லைக்கு அருகே உத்துவன்கந்தையைப் புகலிடமாகக் கொண்டு வழிப்பறி செய்தவன் சரதியேல். 1864 மார்ச் 21ஆந் திகதி அவனைப் பிடிக்கச் சென்றபோது மலாய்க் காவலர் சபான் உயிர் துறந்தார். அந்நாளையே பொலிஸார் இன்றும் நினைவுநாளாகக் கொள்கின்றனர். சரதியேல் அவ்வாண்டு மே மாதத்திற் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். மறு ஆண்டில் பொலிஸ் சட்டம் பிறந்தது. பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியிற் படை நடத்திய காம்பெல் துரை, 1866 செப்டம்பர் 3ஆந் திகதி பொலிஸ் தலைமையை ஏற்றார். அப்போது ஹட்டனுக்கு இருப்புப்பாதையும் இல்லை, மலையெங்கும் கோப்பிதான்.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். பொலிஸ் சட்டம் வந்த அதே 1865இல், 11ஆம் இலக்கத் தொழிற் சட்டமும் வந்தது. முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு அகன்ற தொழிலாளியை அது குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பியது. கடன் தீர்த்துத் துண்டு பெறாமல் வேறு தோட்டத்திற் பெயர் பதியவும் இயலாது. கொழும்பு வர்த்தகர் தம் பொருளைக் காக்க வந்தவராகப் பொலிஸாரைக் கண்டார். லயத்தில் வாழ்ந்த நம் முன்னோரோ வாரண்டோடு வருபவராகவே அவர்களைக் கண்டனர். அந்த அச்சத்தை அறியாமை என்று சிலர் எழுதினர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அச்சிறைத் தண்டனை நீங்குவதற்கு 1920களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரியில், கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கி வெடித்தது. கோவிந்தன் என்னும் தொழிலாளி அங்கே உயிரிழந்தார்.