இரு வழியும் இரு வலையும்



ஒரு சர்வருக்குள் இருபது, முப்பது மெய்நிகர் கணினிகள் குடியிருக்கும் காலம் இது. தேர்வு முடிவும், நூலகப் பட்டியலும், விடுதிக் கணக்கும் ஒரே இயந்திரத்தில் நடைபெறலாம். அவற்றின் தரவுகளோ பெரும்பாலும் வேறிடத்தில், பல சர்வர்களுக்கும் பொதுவான சேமிப்பகத்தில் இருக்கின்றன. இடையிலுள்ள வழி அறுபட்டால் அத்தனை குடிகளும் ஒருங்கே செயலற்றுப் போகும். ஆதலின் வழிகள் பல வேண்டும் என்பர். எத்தனை வழிகள் என்பதைக் காட்டிலும் அவை எவ்வாறு பிரிந்துள்ளன என்பதே முதன்மையானது என்று நான் கருதுகிறேன். கணினித் துறையில் பணியேற்கவிருக்கும் நம் சங்கத்து நண்பர்களுக்காக இதனை விளக்க முற்படுகிறேன்.

சர்வரில் ஃபைபர் சேனல் அட்டைகள் இரண்டு உள்ளன எனக் கொள்வோம். இரண்டையும் ஒரே சுவிட்சில் இணைப்பது இரண்டு கயிறுகளை ஒரே ஆணியில் கட்டுவதை ஒக்கும். ஆகவே, ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு வலைகளை அமைத்து, வலைக்கு ஓர் அட்டையாக இணைக்க வேண்டும். சேமிப்பகத்தின் இரு கன்ட்ரோலர்களும் ஒவ்வொரு வலையிலும் ஒரு வாயில் பெற்றால், மொத்தம் 4 வழிகள் கிடைக்கும். இந்நான்கும் ஒரே வட்டுக்குச் செல்வன என்று சர்வருக்கு உணர்த்துவது பல்வழி மென்பொருள். அஃது இல்லையேல் ஒரு வட்டு நான்காகத் தோன்றும்.

இனி, மண்டலப் பிரிவைக் காண்போம். ஒவ்வொரு வாயிலுக்கும் 64 பிட் அடையாள எண் உண்டு. எந்த எண் எந்த எண்ணைச் சந்திக்கலாம் என்று சுவிட்சில் வரையறுப்பதே மண்டலம். ஒரு மண்டலத்தில் சர்வர் அட்டை ஒன்று மட்டுமே இருத்தல் நன்று. அதனுடன் அஃது அணுக வேண்டிய சேமிப்பக வாயில்கள் இருந்தால் போதும். ஏன் எனில், ஒரு வாயில் வந்தாலும் போனாலும் சுவிட்ச் அச்செய்தியை அம்மண்டலத்தாருக்கு அறிவிக்கும். எல்லாச் சர்வர்களையும் ஒரே மண்டலத்தில் அடைத்தால், ஒன்று தூங்கி எழும்போதெல்லாம் மற்றவையும் கலங்கும்.

மண்டலம் வாயிலைக் காட்டுமே அன்றி, வட்டை வழங்காது. எவ்வட்டு எவருக்கு என்பதைச் சேமிப்பகமே முடிவு செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியைச் சர்வர் விட்டுச் சர்வர் மாற்ற வேண்டுமாயின், அதன் வட்டு இரு சர்வர்களுக்கும் காட்டப்பட்டிருத்தல் நலம்.

வழிகளைப் பெருக்கிக்கொண்டே போவதும் தகாது. 2018-இல் வெளிவந்த விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ 6.7, ஒரு சர்வருக்கு 1024 வட்டுகளையும் 4096 வழிகளையும் எல்லையாக வைத்தது. வட்டுக்கு 4 வழிகள் என்றால் கணக்குச் சரி. 8 வழிகள் என்றால் 512 வட்டுகளோடு எல்லை முடிந்துவிடும்.

இரு வலைகள் இருப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. கருவி கெடுவதைப்போலவே மனிதர் கையும் தவறும். ஒரு வலையின் மண்டலத்தைத் தவறாக மாற்றினாலும் அத்தவறு மற்ற வலைக்குப் பரவாது. ஆதலால் ஒரு வலையை மாற்றி, அதன் வழிகள் யாவும் உயிர்பெற்றன என்று கண்டபின்னரே அடுத்த வலையைத் தொடுங்கள். புதிய அமைப்பைப் பயனுக்கு விடுமுன், ஒரு வலையை முழுதும் நிறுத்திப் பாருங்கள். அப்போதும் கணினிகள் ஓடினால்தான் உங்களுக்கு இரு வழிகள் உண்டு என்று பொருள்.