நடைபாதையும் நமது கடைவாசலும்

கொழும்பிலிருந்து வரும் வீதி பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஹப்புத்தளை, பண்டாரவளை என்று ஏறுகிறது. மற்றது கொஸ்லந்தை, வெல்லவாய என்று இறங்குகிறது. இந்தச் சந்தியில் வாப்பா தொடங்கிய தேநீர்க்கடையைத்தான் நான் நடத்தி வருகிறேன். பஸ் நின்றால் வியாபாரம், இல்லாவிட்டால் ஈ ஓட்டவேண்டியதுதான்.

2019 ஏப்ரல் தாக்குதல், 2020 கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி விழுந்தபோது கடையைக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நிலைமை கொஞ்சம் தேறியபோது, முதுகுப் பையோடு பஸ் மாறக் காத்திருப்பவர்கள் கண்ணில் பட்டார்கள். ஹப்புத்தளையில் நடந்துவிட்டு, 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சிக்குப் போகிறவர்கள் அவர்கள்.

இவர்களை இழுத்து வருவதில் 'பீகோ ட்ரெயில்' என்ற நடைபாதைக்குப் பெரிய பங்குண்டு. நாம் விற்கும் பி.ஓ.பி. தேயிலையின் பெயரில் இருக்கும் அதே பீகோதான். கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். புதிதாக வெட்டிய பாதையல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கொழுந்து கொண்டுபோகவும் தொழிலாளர் நடக்கவும் போட்ட பாதைகளை இணைத்தார்கள், அவ்வளவுதான். 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்னை தோட்டத்துப் பக்கமும் நடப்பவர்களைக் காணலாம்.

வியாபாரிகளே, கணக்கைப் பாருங்கள். வேனில் வருபவர் சாரதி நிறுத்தும் இடத்தில்தான் செலவழிப்பார். நடப்பவர் அப்படியல்ல. இங்கே தேநீர், அங்கே ரொட்டி, வாழைப்பழம், மழைக்கோட்டு, அட்டைக்கடிக்குச் சவர்க்காரம், இரவில் அறை, மறுநாள் ஆட்டோ என்று பத்துக் கடைகளில் காசு பிரியும்.

ஆனால் ஒரு பாடம் படித்தேன். நான் கடையில் இல்லாத ஒரு நாள் வேலைக்கார பையன் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் தேநீருக்கு மூன்று மடங்கு வாங்கிவிட்டான். அடுத்த வாரம் வழிகாட்டியோடு வந்த கூட்டம் என் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போனது. அன்றே மூன்று மொழிகளிலும் விலைப்பலகை தொங்கவிட்டேன். கழிவறையையும் திருத்தினேன். இலாபம் குறையவில்லை, கூடியது.

லிப்டன் ஆசனத்தில் காலை பிந்தினால் மூடுபனி ஏறிவிடும். ஆகவே நடப்பவர்கள் விடியமுன் புறப்படுவார்கள். ஸுபஹ் முடிந்ததும் கடை திறந்து பழகிய நமக்கு இது சிரமமா?

இன்னொன்று. பாதை தோட்டத்து லயன்களுக்கு நடுவே போகிறது. அங்குள்ளவர்களுக்குக் கடை போடச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடையாது. நான் ரொட்டியையும் மரக்கறியையும் அவர்களிடமே வாங்குகிறேன். வழிகாட்டி கேட்பவர்களுக்குத் தோட்டத்து இளைஞர்களையே காட்டிவிடுகிறேன்.

மழையையும் மறக்கக்கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்களையே மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியது. மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் "இன்று நடக்காதீர்கள்" என்று வாடிக்கையாளரைத் தடுத்தால், அன்றைய வியாபாரம் போகும். போகட்டும். அந்தச் சொல்லை நம்பி அவர் திரும்பி வருவார்.

கடையை நான் கொடுக்கவில்லை.