தப்பட்டைக்கும் ஒரு மைக் வேண்டும்

சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மார்கழிக் கடைசியில் மாரியம்மன் பொங்கல். பூச்சாட்டிய நாள் முதல் ஒவ்வொரு ராத்திரியும் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் நடந்தது. அத்தனை ராத்திரியும் தப்பட்டை அடித்தவர்கள் அருந்ததியர் தெருவைச் சேர்ந்த எட்டுப் பேர். மஞ்சள் நீராட்டு முடிந்த கடைசி ராத்திரியில் இன்னிசைக் கச்சேரி வைத்திருந்தார்கள். அதற்கு முன்பாகத் தப்பட்டைக் குழுவுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். நம் ஆட்கள் மேடையேறப் போகிறார்களே என்று நாங்கள் நாலைந்து பேர் கிளம்பிப் போனோம்.

மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பாக்ஸ் அடுக்கியிருந்தது. செட்டைச் சோதிக்க ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார்கள். பக்கத்து வீட்டுத் தகரக் கூரை அதிர்ந்தது. பாட்டுக்கு முன்னால் அடி நெஞ்சில் விழுந்தது. எங்களோடு வந்திருந்த கல்லூரி மாணவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கினார்.

கிட்டார்க்காரரும் டிரம்ஸ்காரரும் ஒவ்வொருவராக வந்து வாசித்துப் பார்த்தார்கள். 'சார், உங்களுக்குப் போதுங்களா? இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுங்களா?' என்று செட்டுக்காரர் கேட்டுக் கேட்டு வைத்தார். அதற்கே அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் தப்பட்டைக் குழுவினர் மேடைக்குப் பின்னால் வைக்கோல் போட்டுத் தீ மூட்டப் பார்த்தார்கள். விழாக் குழுவில் ஒருவர் ஓடி வந்து, பந்தல் பற்றிக்கொள்ளும் என்று அணைக்கச் சொல்லிவிட்டார். பயம் நியாயமானதுதான். ஆனால் வேறு இடம் காட்டியிருக்கலாம், யாரும் காட்டவில்லை.

பனி இறங்க இறங்கத் தோல் தொய்ந்துகொண்டே வந்தது. திடீரென்று கூப்பாடு. 'வா வா, நேரமாச்சு. மேல வேண்டாம், கீழயே நில்லு.' சொன்னவருக்கு முப்பது வயது இருக்கலாம். குழுவில் மூத்தவருக்கு அறுபது தாண்டிவிட்டது. 'சரிங்க சாமி' என்று அவர் முன்னால் நடந்தார். கிட்டார்க்காரரை 'வாங்க சார்' என்று கூப்பிட்டதையும் சற்று முன்புதான் கேட்டிருந்தோம்.

எட்டுத் தப்பட்டைக்கும் சேர்த்து ஒரே மைக். அதுவும் பத்தடி தள்ளி, மேடை விளிம்பில் தலைகீழாகத் தொங்கியது. அவர்கள் அடித்தது பாக்ஸ் வழியாக ஒரே இரைச்சலாகத்தான் வந்தது. நடை மாறியதும் தெரியவில்லை, அடி தவறியதும் தெரியவில்லை. இடையிடையே குய்யென்று மைக் கத்தியது. ஆறு நிமிடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 'ஒரே சத்தம்' என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

திரும்பும் வழியில் மூத்தவர் சொன்னார்: 'நாங்க அடிச்சது எங்களுக்கே கேக்கலீங்க. கேக்காதபோது என்ன பண்ணுவம்? இன்னும் ஓங்கி ஓங்கி அடிச்சம்.'

இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு ஒலி அமைப்புத் தொழிலில் இருக்கும் நண்பரிடம் போனோம். அவர் சொன்னதும் நாங்கள் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும் இவை.

தப்பட்டைக்கு ஒரு பக்கம்தான் தோல், பின்பக்கம் திறந்திருக்கும். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீளமான மெல்லிய சிம்புக்குச்சி. அடிக்குச்சியில் கனத்த ஒலி, சிம்புக்குச்சியில் கூர்மையான ஒலி. இந்த இரண்டும் பேசிக்கொள்வதுதான் அடவு. முன்பக்கம் மைக் வைத்தால் குச்சியின் வெட்டு தெளிவாகக் கிடைக்கும். திறந்த பின்பக்கம் வைத்தால் கனம் கிடைக்கும். பத்தடி தள்ளி ஒரே மைக்கை வைத்து ஒலியை முழுக்க ஏற்றினால், எட்டுத் தோலின் ஒலியும் பாக்ஸிலிருந்து திரும்பி வரும் ஒலியும் அதற்குள் சேர்ந்து நுழையும். குய்யென்ற கத்தலுக்குக் காரணம் அதுதான். இன்னொன்றும் உண்டு. பெரிய பாக்ஸுக்கு நேர் முன்னால் நிற்கும் தப்பட்டையின் தோல் யாரும் அடிக்காமலே அதிரும். அந்த அதிர்வும் மைக்கில் ஏறும். அதனால் தப்பட்டைக்காரரைப் பாக்ஸுக்குப் பின்புறமாக நிறுத்த வேண்டும். அவர் அடிப்பது அவருக்குக் கேட்க, அவர் பக்கம் திருப்பிய சின்ன ஸ்பீக்கர் ஒன்று வேண்டும். கிட்டார்க்காரரின் காலடியில் அன்றைக்கு அப்படி இரண்டு இருந்தன.

தீயும் அப்படித்தான். கிட்டாருக்கு ஆணி முறுக்குவது போலத் தப்பட்டைக்குத் தீ. சூட்டில் ஈரம் வற்றித் தோல் இறுகும், சுருதி ஏறும். பனிக்காலத்தில் ஒரு முறை காய்ச்சினால் சிறிது நேரம்தான் தாங்கும், மறுபடியும் காட்ட வேண்டும். தீ மூட்ட இடம் இல்லை என்பது, கிட்டார்க்காரரிடம் சுருதி சேர்க்காமலே வாசி என்று சொல்வதற்குச் சமம். இப்போது பைபர் தோல் வந்துவிட்டது, தீ வேண்டியதில்லை என்பவர்கள் உண்டு. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மாட்டுத்தோலின் கனம் அதில் வருவதில்லை என்பது எங்கள் எண்ணம்.

தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். தண்ணுமை வாசிப்பவனுக்கு அங்கே இலக்கணம் சொல்லியிருக்கிறது. எங்கே ஒலியைப் பெருக்க வேண்டும், எங்கே அடக்க வேண்டும், எந்த அளவோடு என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கு மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் செய்ய வேண்டிய வேலையில் பாதி இது. அதே காதையில் மேடைக்கும் அளவு உண்டு: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். தொல்காப்பியமோ நிலத்துக்கு ஒரு பறை என்று கருப்பொருளிலேயே பறையைச் சேர்த்து எண்ணுகிறது. இதையெல்லாம் வகுப்பில் நடத்துகிற ஊரில்தான் பறை அடிப்பவரைக் கீழே நில் என்கிறார்கள்.

மேடையில் ஏற்றிய முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதல் கச்சேரியை நடத்தியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்தார்கள். கானாவும் ராப்பும் கிட்டாரும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. அடுத்த ஆண்டு மதுரையிலும் கோவையிலும்கூட அது நடந்தது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறை இசைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். டெல்லி வரைக்கும் கேட்டுவிட்டது. நம் ஊர் மாரியம்மன் கோயில் மேடைக்கு இன்னும் ஒரு கோல் உயரம் பாக்கியிருக்கிறது.

சத்தம் பற்றியும் நேராகப் பேசிவிடுவோம். இதில் நம் பக்கமும் தவறு இருக்கிறது.

சென்னிமலைக்காரர்களுக்குச் சத்தம் புதிதல்ல. விசைத்தறி ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் காதருகே வாயைக் கொண்டுபோக வேண்டும். பல ஆண்டு தறி ஓட்டியவர்கள் வீட்டில் டிவியை எவ்வளவு ஏற்றி வைப்பார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். தொழிற்சாலைக்கு நம் நாட்டு விதி 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்கிறது. அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் 85 என்கிறது. அதற்கு மேல் 3 டெசிபல் கூடக் கூட, தாங்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது அவர்கள் கணக்கு. 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம் என்று இறங்கி, 100க்கு வரும்போது வெறும் 15 நிமிடம்.

1976 மே 31 அன்று லண்டன் சார்ல்ட்டன் மைதானத்தில் 'தி ஹூ' குழு நடத்திய கச்சேரி 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபல் காட்டியது. உலகிலேயே சத்தமான கச்சேரி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. காது கெடுவதற்குப் பரிசு கொடுத்தது போலாகிறது என்று பிறகு அந்தப் பிரிவையே கின்னஸ் நிறுத்திவிட்டது. அந்தக் குழுவின் கிட்டார்க்காரர் பீட் டவுன்ஷெண்ட் தன் செவித்திறன் கெட்டதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசினார். அவருக்காவது பேசக் கேட்க உலகம் இருந்தது.

எங்களோடு பல ஆண்டு தப்பட்டை அடித்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசுவார். 'சாப்பிட்டீங்களா'வும் 'சாப்பாடு இருக்கா'வும் அவருக்கு ஒன்றுபோல் கேட்கிறது. ராத்திரி படுத்தால் காதுக்குள் வண்டு ஙொய்ங்கென்று கத்துகிறதாம். உட்காதில் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒரு முறை அழிந்தால் மறுபடி முளைக்காது. கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும். அதனால் பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. குழுவில் வரிசையாக நிற்கும்போது பக்கத்தில் இருப்பவரின் தப்பட்டை நம் காதுக்கு முழ தூரத்தில் இருக்கிறது. சாவுக்கும் நோம்பிக்கும் மணிக்கணக்கில் அடித்த காது அது. மைக் சரியில்லை, மேடைச் சத்தத்தில் தன் அடி கேட்கவில்லை என்று இன்னும் ஓங்கி அடிக்கும்போது கையும் போகிறது, காதும் போகிறது.

தறிக்கூடத்தில் செவித்திறன் போனால் தொழிலால் வந்த நோய் என்று வாதாடவாவது சட்டம் இருக்கிறது. தப்பட்டைக்காரருக்குக் கூலியே கணக்கில் எழுதப்படுவதில்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறதே, அதன் மூலம் ஆண்டுக்கு ஒரு காதுப் பரிசோதனை முகாமாவது கேட்டுப் பெற வேண்டாமா? நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இதை நாங்களும் இதுவரை எழுதியதில்லை. இனி எழுதுவோம்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் கச்சேரி இடங்களுக்கு ஒரு வரையறை வெளியிட்டது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, சத்தத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும், காதடைப்பான் கிடைக்க வேண்டும், ஒதுங்கி உட்கார அமைதியான இடம் வேண்டும் என்கிறது. ஒலி அமைப்பைச் சரியாகச் செய்யுங்கள் என்பதும் அதில் ஒன்று. தெளிவாகக் கேட்டால் ஏற்ற வேண்டிய தேவை குறையும். நம் நாட்டு ஒலி மாசு விதி 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். அந்த ராத்திரி கச்சேரி எத்தனை மணிக்கு முடிந்தது என்று நாங்கள் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் நேரமாகிவிட்டது என்று நிறுத்தப்பட்டது தப்பட்டை மட்டும்தான்.

ஏப்ரல் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு எங்கள் தெருவில் அதே எட்டுப் பேரை அழைத்தோம். சின்ன செட்தான், பெரிய பாக்ஸ் வேண்டாம் என்றோம். செட் கொண்டுவந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தப்பட்டைக்கு மைக் எதற்கு, அதுவே சத்தம்தானே என்றான் முதலில். சாயங்காலம் ஐந்து மணிக்கே வரச் சொல்லியிருந்ததால் சண்டை போட நேரம் இருந்தது. மேடையிலிருந்து இருபதடி தள்ளி, காற்று வராத சுவரோரம் தீக்கு இடம் ஒதுக்கி, இரண்டு குடம் தண்ணீரும் வைத்தோம். நடுவில் நிற்கும் மூத்தவருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு மைக். மற்றவர்களுக்குப் பொதுவாக இரண்டு. மருந்துக்கடையில் பஞ்சுபோல் அமுங்கும் நுரைக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தோம். சாதாரணப் பஞ்சு உதவாது. இளைஞர்கள் சிரித்தார்கள். மூன்று பேர் மட்டும் போட்டுக்கொண்டார்கள்.

மூத்தவர் தனியாக ஒரு சுற்று அடித்துக் காட்டினார். பையன் மிக்ஸரில் எதையோ ஏற்றினான். 'தம்பி, எறக்கு' என்றார் அவர். இறக்கினான். 'இன்னும் எறக்கு.' கூட்டம் உட்காரும் இடத்துக்கே இறங்கிப் போய், வேறொருவரை அடிக்கச் சொல்லி நின்று கேட்டார். தலையை ஆட்டினார். 'இப்ப எடது குச்சி கேக்குது' என்றார்.

பையன் எழுந்து அவர் நின்ற இடத்துக்குப் போய் நின்றான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, 'ஐயா, தோல் எறங்குற மாதிரி இருக்குதுங்க. மறுக்கா காய்ச்சிட்டு வாங்க, நான் காத்திருக்கறேன்' என்றான்.