மானின் பெயரில் தொடங்கிய ஏழு பேர் வண்டி



பௌர்ணமி நாளில் நம் திருவண்ணாமலைக்கு வரும் வண்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? செங்கம் சாலையிலோ, வேலூர் சாலையிலோ சிறிது நேரம் நின்று பாருங்கள். கர்நாடகப் பதிவு எண், ஆந்திரப் பதிவு எண், நம் மாவட்டத்தின் டி.என். 25 என்று வரிசையாக வரும். அவற்றில் ஒரு நீளமான வண்டியிலிருந்து தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அத்தை, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே இறங்கும். அதுதான் இன்னோவா.

இதைத் தயாரிப்பது டொயோட்டா என்னும் ஜப்பானிய நிறுவனம். ஆனால் ஜப்பானில் உள்ள கடைகளில் இந்த வண்டி விற்கப்படவில்லை! ஜப்பானிய வண்டி ஜப்பானில் இல்லை, நம் ஊரில் இருக்கிறது. எப்படி? வாருங்கள், பார்க்கலாம்.

தறியில் பிறந்த நிறுவனம்

நம் மாவட்டத்தில் உள்ள ஆரணி பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்றது. அங்கே தறியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நெய்யும்போது ஓர் இழை அறுந்துவிட்டால், உடனே நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். கவனிக்காமல் நெய்துகொண்டே போனால் துணி முழுவதும் குறையாகிவிடும்.

ஜப்பானில் 1867-ஆம் ஆண்டு ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர் சகிச்சி டொயோடா. தறிகளை மேம்படுத்துவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். 1924-இல் அவர் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும்! அவருடைய மகன் கீச்சிரோ டொயோடாவுக்கு மோட்டார் வண்டிகள் மீது ஆர்வம். அவர் 1937-இல் தொடங்கியதுதான் டொயோட்டா மோட்டார் நிறுவனம்.

தறியில் இருந்த அந்தப் பழக்கம் கார் தொழிற்சாலைக்கும் வந்தது. வண்டியைப் பூட்டும்போது ஏதாவது தவறு தெரிந்தால், அங்கு வேலை செய்யும் தொழிலாளி ஒரு கயிற்றை இழுப்பார். தவறு சரியாகாவிட்டால் வேலை வரிசையே நின்றுவிடும். 'தவறு தெரிந்தால் முதலில் நிறுத்து' என்பதே பாடம். இதை நினைவில் வையுங்கள். கடைசியில் மறுபடியும் தேவைப்படும்.

மானும் முதலையும்

இன்னோவாவின் பூர்வீகம் இந்தோனேசியா. அங்கே சாதாரண மக்களும் சிறு வியாபாரிகளும் வாங்கக்கூடிய, மேடு பள்ளமான சாலைகளைத் தாங்கக்கூடிய வண்டி தேவைப்பட்டது. 1977-இல் டொயோட்டா அங்கே ஒரு வண்டியை அறிமுகப்படுத்தியது. பெயர் 'கிஜாங்'. இந்தோனேசிய மொழியில் அது ஒரு வகை மானின் பெயர்.

மான் என்றதும் அழகாக இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். அது தகரப் பெட்டி போன்ற சிறு சரக்கு வண்டி! தட்டையான தகடுகளாக இருந்தால் செய்வது எளிது, விலையும் குறைவு. இஞ்சின் மூடியைத் திறந்தால் முதலை வாயைத் திறப்பதுபோல் இருந்ததால், மக்கள் அதற்கு 'முதலை' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

நம் கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிறார்கள் அல்லவா? அதேபோல் இந்தோனேசியப் பட்டறைக்காரர்கள் இந்தச் சரக்கு வண்டிக்குக் கூண்டு கட்டி, இருக்கை போட்டு, குடும்ப வண்டியாக மாற்றினார்கள். மக்களுக்கு என்ன தேவை என்பது இதிலிருந்தே புரிந்தது. அடுத்தடுத்து வந்த கிஜாங்குகள் குடும்பங்கள் பயணிக்கும் வண்டியாகவே வளர்ந்தன.

குவாலிஸ் வந்தது

டொயோட்டா நிறுவனம் இந்தியாவின் கிர்லோஸ்கர் குழுமத்துடன் சேர்ந்து 1997-இல் ஒரு நிறுவனம் தொடங்கியது. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் உள்ள பிடதியில் தொழிற்சாலை அமைந்தது. அங்கிருந்து 2000-ஆம் ஆண்டில் முதலில் வந்த வண்டி குவாலிஸ். அது கிஜாங்கின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது.

பார்க்கப் பழைய வடிவம்தான். ஆனால் பெரிய குடும்பமே உட்காரலாம். ஒரு வகையில் 10 பேருக்கு இடம் இருந்தது. வாடகை வண்டி ஓட்டுபவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். உங்கள் அப்பா, அம்மாவிடம் கேளுங்கள், குவாலிஸில் சுற்றுலா போன கதை ஒன்று கட்டாயம் இருக்கும்.

நன்றாக விற்றுக்கொண்டிருந்த குவாலிஸை நிறுத்திவிட்டு, 2005-இல் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். நன்றாக ஓடுகிற குதிரையை ஏன் மாற்ற வேண்டும் என்று பலர் வியந்தார்கள். ஆனால் புதிய வண்டியும் மக்களுக்குப் பிடித்துவிட்டது. இருக்கைகள் 7 அல்லது 8. பிறகு 2016-இல் இன்னோவா கிரிஸ்டா வந்தது. 2022-இல் இன்னோவா ஹைகிராஸ் அறிமுகமானது.

ஏணியும் முட்டை ஓடும்

குவாலிஸ், இன்னோவா, கிரிஸ்டா மூன்றுக்கும் அடியில் ஓர் இரும்புச் சட்டம் உண்டு. ஏணியைத் தரையில் படுக்க வைத்தால் எப்படி இருக்கும்? அதே போன்ற வடிவம். அதன் மேல்தான் கூண்டைப் பொருத்துவார்கள். லாரிகளிலும் இதே முறைதான். பலம் அதிகம், எடையும் அதிகம்.

ஹைகிராஸில் அந்த ஏணி இல்லை. முட்டையின் ஓடே அதற்குப் பலம் தருவதுபோல், வண்டியின் கூண்டே எல்லாப் பாரத்தையும் தாங்கும். முந்தைய வண்டிகளில் பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளின. இதில் முன் சக்கரங்கள் இழுக்கின்றன. ஹைகிராஸில் ஹைபிரிட் என்றொரு வகை உண்டு. அதில் பெட்ரோல் இஞ்சினோடு மின் மோட்டாரும் இருக்கும். பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரியில் சேமித்துக்கொள்ளும்.

எட்டாவது ஆள்

வண்டி எவ்வளவு மாறினாலும் ஒரு கணக்கு மட்டும் மாறாது. ஏழு இருக்கை என்றால் ஏழு பேர், ஏழு சீட் பெல்ட்.

நாமோ, "சின்னப் பிள்ளைதானே, மடியில் உட்காரட்டும்" என்று எட்டு, ஒன்பது பேரை ஏற்றிவிடுகிறோம். இது ஏன் ஆபத்து? அறிவியல் பாடத்தில் நிலைமம் படித்திருப்பீர்கள். ஓடும் பஸ் சட்டென்று நின்றால் நாம் முன்னால் சாய்கிறோமே, அதுதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. மோதி நின்றால் வண்டிதான் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் அதே வேகத்தில் முன்னால் போவார்கள். அந்த நேரத்தில் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் மடியில் இருக்கும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. சீட் பெல்ட்டால்தான் முடியும்.

இதற்குச் சட்டமும் உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 14 வயது நிறையாத குழந்தைக்கு சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான தனி இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். உங்களில் பெரும்பாலோருக்காகவே எழுதப்பட்ட பிரிவு அது.

தறியின் கதையை இப்போது நினைத்துப் பாருங்கள். எட்டாவது ஆள் ஏறும்போது ஓர் இழை அறுகிறது. வண்டி கிளம்பும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். பெரியவர்களிடம் பணிவாகச் சொன்னால் அது எதிர்த்துப் பேசுவது ஆகாது.

செய்து பாருங்கள்

1. அடுத்த முறை வாடகை வண்டியில் ஏறும்போது இருக்கைகளையும் சீட் பெல்ட்டுகளையும் எண்ணுங்கள். கடைசி வரிசை பெல்ட் இருக்கைக்கு அடியில் புதைந்திருக்கலாம், தேடி எடுங்கள்.

2. சாலை ஓரமாகப் பாதுகாப்பாக நின்று பத்து வண்டிகளின் எண் பலகையைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த வண்டி. எது அதிகம் என்று நோட்டில் குறித்து வையுங்கள்.